மகம் பிறக்க ஒரு நாழிகை

ஒரே ஒரு நாழிகை என்றுதான் கேட்டோம். கேட்டது தனபாக்கியம், தலையசைத்தது நான். டாக்டர் நஸ்ரின் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, "நாழிகைன்னா எவ்வளவு நேரம்மா?" என்றார். தனபாக்கியம் விரலை மடக்கத் தொடங்குவதற்குள் "இருபத்துநாலு நிமிஷம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. முப்பத்தொரு வருஷம் வானொலியில் நேரம் சொல்லிப் பழகிய வாய். யார் நேரம் கேட்டாலும் என்னைக் கேளாமல் தானே பதில் சொல்லிவிடும். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலை பத்து இருபத்துநாலு. பத்து நாற்பத்தெட்டுக்கு ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கிறது என்று தனபாக்கியத்தின் தம்பி வேதாசலம் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மகத்தில் பிறக்கும் பெண்ணை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஆயில்யத்தில் பிறக்கும் பெண் மாமியாருக்கு ஆகாது. உள்ளே வலியில் படுத்திருக்கும் என் தம்பி மகள், தனபாக்கியத்தின் மருமகள், சாருவுக்குப் பிறக்கப்போவது பெண்தானா என்பதே யாருக்கும் தெரியாது, ஆனாலும் இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு அப்பால் எந்த ஊரிலோ இருக்கப்போகிற ஒரு மாமியாரை நினைத்து நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று பேரம் பேசினோம். "இப்போதைக்குப் பரவாயில்லை. வலி வர்றப்போ குழந்தையோட துடிப்பு இறங்குது, திரும்ப ஏறிடுது. என்னைக் கேட்டா இப்பவே எடுத்துடலாம்னுதான் சொல்வேன்" என்றார் டாக்டர். "சாருவைக் கேட்டேன். அத்தை சொன்னாச் சரிங்கறாங்க. எனக்கு நட்சத்திரம் தெரியாதும்மா. இந்தச் சத்தம்தான் தெரியும். தியேட்டர் தயாரா இருக்கு. இருபத்துநாலு நிமிஷத்துக்குள்ள எப்ப மனசு மாறினாலும் கூப்பிடுங்க." அத்தை சொன்னால் சரி. அத்தைக்கு எழுபத்துநாலு வயது, இளங்கலை படித்தவள், ஊருக்கெல்லாம் மணி சொன்னவள், வீட்டில் ஒரு பஞ்சாங்கம்கூட வைத்துக்கொள்ளாதவள். அந்த அத்தைதான் மறுத்து ஒரு சொல் சொல்லாமல் தலையை அசைத்தாள். தலையை அசைத்தவள் யார் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

பிரசவ அறைக் கதவு ஒருக்களித்திருக்கிறது. அதன் வழியாக அந்தச் சத்தம் வருகிறது. சாருவின் வயிற்றில் பட்டை கட்டி, உள்ளேயிருக்கும் இதயத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டிருக்கிறார்கள். சைக்கிள் கம்பிகளுக்கிடையில் பிள்ளைகள் அட்டையைச் செருகிவிட்டு ஓட்டுவார்களே, அந்தப் படபடப்பு, ஆனால் தண்ணீருக்கடியில். யாரோ ஒரு பொடிசு குளத்தின் அடித்தரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு எங்களை நோக்கி வருகிறது. தண்ணீர் என்றதும் அந்தச் செம்புக் கிண்ணம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பழங்காலத்துக் கால அளவுகளைப் பற்றி ஒரு பேராசிரியர் வானொலியில் பேச வந்தபோது பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தாரே, நாழிகை வட்டில். அரைக்கோளமாக, அடியில் ஊசி முனையளவு ஓட்டை. வாளித் தண்ணீரில் மிதக்க விட்டால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, ஏறி, சரியாக ஒரு நாழிகையில் மூழ்கும். மூழ்கும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. பொறியாளர் ஜோசப், நான், பேராசிரியர் மூவரும் மூச்சை அடக்கி வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு காத்திருப்பை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. கிண்ணம் அசையவே இல்லை. ஆனால் தாழ்ந்துகொண்டே இருந்தது. எப்போது தாழ்ந்தது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை, பார்க்கும்போதெல்லாம் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. கடைசியில் விளிம்பு தண்ணீரோடு ஒன்றாகி, கிண்ணம் ஒரு கணம் தயங்கி, 'ப்ளக்' என்று உள்ளே போனபோது ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டார், டேப் அதற்கு முந்தியே தீர்ந்துபோயிருந்தது. "மேடம், இன்னொரு நாழிகை என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் டம்ளரைப் போட்டுச் சத்தம் எடுத்துக்கொண்டார். ஒலிபரப்பில் ஊர் கேட்டது டம்ளர். கிண்ணம் மூழ்கிய நிஜச் சத்தம் எங்கள் மூவரின் காதோடு போயிற்று. பேராசிரியரும் போய்விட்டார், ஜோசப்பும் போய்விட்டார். இப்போது அது என் காதில் மட்டும் இருக்கிறது. இதோ சாருவின் வயிறு. அதுவும் ஒரு வட்டில்தான். மிதக்கிறது, தாழ்கிறது, எப்போது என்று தெரியவில்லை.

பேராசிரியர் அன்று சொன்னது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை, காதால் வாங்கியதை நான் மறப்பதில்லை. நிமிஷம் என்றால் முதலில் கண் ஒரு தரம் இமைக்கிற நேரம்தானாம். பிற்பாடு கடிகாரம் வந்ததும் அந்தப் பெயரைக் கடிகாரத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். இமைப்பைவிடச் சிறியதும் உண்டாம். தாமரை இதழை ஊசி துளைக்கிற நேரம். அதை யார் துளைத்துப் பார்த்தார்கள், எந்தக் குளக்கரையில், எந்தக் காலையில்? பத்து நெட்டெழுத்தைச் சொல்லும் நேரம் ஒரு மூச்சு. ஆறு மூச்சு ஒரு விநாழிகை. அறுபது விநாழிகை ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒரு நாள். அங்கேயே நின்றிருக்கலாம். நமக்கு அது போதும். ஆனால் அவர்கள் நிற்கவில்லை. நம்முடைய ஒரு மாதம் பிதுர்களுக்கு ஒரு நாள் என்றார்கள். நம்முடைய ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள். நான்கு யுகம் சேர்ந்த சுற்று ஆயிரம் தரம் சுழன்றால் பிரமனுக்கு ஒரு பகல். அந்தப் பகலைப் போல ஓர் இரவு. அப்படி நூறு வருஷம் வாழ்ந்து பிரமனும் சாகிறான். பேராசிரியர் அதைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் தவறிப்போன செய்தியைச் சொல்வதுபோல. என்ன துணிச்சல் அது. மண் தரையில் உட்கார்ந்து, எண்ணெய் விளக்கில், வெறும் மூச்சை அளவுகோலாக வைத்துக்கொண்டு பிரமனின் சாவு வரைக்கும் எண்ணிக்கொண்டு போனவர்கள் என் முன்னோர். அவர்களேதான் ஆயில்யத்துப் பெண்ணைக் கட்டாதே என்றும் சொன்னார்கள் என்பதை என்னால் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே முடிந்ததில்லை. அவர்கள்தான் சொன்னார்களா? இல்லை, நடுவில் யாரோ டம்ளரைப் போட்டார்களா?

என் நட்சத்திரம் ஆயில்யம். அது முடிய நான்கைந்து விநாழிகை இருக்கும்போது நான் பிறந்தேன் என்று அப்பா குறித்து வைத்தார். அப்பா குறித்தது செய்தி அவர் காதுக்கு வந்த நேரத்தை. அம்மா சொல்வாள், நீ விழுந்து, அழுது, குளித்து, துணியில் சுற்றின பிறகும் மருத்துவச்சி வெளியே போகத் தயங்கிக்கொண்டு நின்றாள், மூன்றாவதும் பெண் என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு, என்று. பிறப்பு என்பது எந்தக் கணம்? தலை தெரிவதா, தரை தொடுவதா, அழுவதா, அப்பா காதில் விழுவதா? யாரும் அதைக் கேட்கவில்லை. ஜாதகம் மட்டும் ஒவ்வொரு வீடாகப் போய் வந்தது. போன வேகத்தில் வந்தது. பாலகுரு ஒருவர் மட்டும் ஜாதகம் திரும்பி வந்த பிறகும் நிலையத்துக்கே என்னைத் தேடி வந்தார், கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்காமலே வைத்துவிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும் செண்பகவல்லி. ஆனா அது அம்மாவுக்குத் தெரியணுமே" என்றார். நல்ல மனுஷர். அந்த அம்மா தொண்ணூறு தாண்டி, பல் விழுந்து மறுபடி முளைத்த கதையாக இருந்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். என்னை மருமகளாக்கியிருந்தாலும் இருந்திருப்பாள், மாமியார்களின் ஆயுளைப் பற்றி எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. பிற்பாடு என் தம்பி, சாருவின் அப்பா, இன்னொரு பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, நம்ம வீட்ல பார்த்தது வாக்கியம். திருக்கணிதப்படி பார்த்தா நீ பிறக்கறதுக்கு முன்னாலேயே மகம் பிறந்துடுச்சு. நீ மகம்!" அப்போது எனக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஒரே வானம், ஒரே நிலா, ஒரே நான், இரண்டு புத்தகம். சிரித்துக்கொண்டே அவனுக்குச் சாதம் போட்டேன். சாதம் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றது அவனுக்குத் தெரியாது. இன்று காலை அதே புத்தகத்தைத்தான் தனபாக்கியத்திடமும் சொல்லிப் பார்த்தேன், திருக்கணிதத்தில் விடியும்போதே மகம் வந்துவிட்டதே என்று. "எங்க வீட்ல வாக்கியம்தான்க்கா" என்றாள். அதோடு முடிந்தது. வானம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அவர்கள் வீட்டில் வாக்கியம்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதோ பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். நாற்காலி முனகுகிறது. "குடிங்கக்கா. சர்க்கரை போடலை, உங்களுக்காக என் நாக்கையும் தியாகம் பண்ணியிருக்கேன்." குடிக்கிறேன். சர்க்கரை இருக்கிறது. "இருக்கே" என்கிறேன். "அப்ப அது என்னுது, குடுங்க இங்க." கோப்பை மாறுகிறது. சத்தம் இறங்குகிறது. சாருவுக்கு வலி. நாங்கள் இருவரும் கோப்பையை உதட்டருகில் வைத்தபடி நிற்கிறோம், உட்கார்ந்தபடியே நிற்கிறோம். அட்டை மெதுவாகப் படபடக்கிறது, ஒரு மூச்சு நேரம், பிறகு சைக்கிள் மேட்டில் ஏறிவிடுகிறது. தனபாக்கியம் மூச்சு விடுகிறாள். "என் மகன் கதிரேசன் பிறந்தப்போ நீங்கதான்க்கா நேரம் சொன்னீங்க" என்கிறாள் திடீரென்று. எனக்குப் புரியவில்லை. "எங்கம்மா வீட்ல கடிகாரம் நின்னு போயிருந்துது. பக்கத்து வீட்டு ரேடியோவைச் சத்தமா வெக்கச் சொல்லிட்டு எங்கப்பா வேலியோரமா நின்னாரு. இவன் விழறான், நீங்க 'இப்போது நேரம் ஆறு மணி ஐந்து நிமிடம்'னு சொல்றீங்க. அதை வெச்சுத்தான் ஜாதகம் எழுதினது. அதை வெச்சுத்தான் சாருவுக்குப் பொருத்தம் பார்த்தது. இப்ப அந்தக் குரலே சம்பந்தியாப் பக்கத்துல உக்காந்து காப்பிக்குச் சண்டை போடுது." அவள் சிரிக்கிறாள். முப்பத்தொரு வருஷம் கண்ணாடித் தடுப்புக்குள், ஒரு விளக்குக்கடியில், வெறும் எண்ணைத்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எத்தனை வேலியோரங்களில் எத்தனை அப்பாக்கள் நின்றார்களோ. எத்தனை பெண்கள் என் வாயிலிருந்து ஆயில்யமாய் விழுந்தார்களோ. அவர்களில் ஒருத்தி எங்கோ கொல்லைப்பக்கம் போய் நின்றிருப்பாளோ. "என் பேத்தியா இருந்தா" என்கிறாள் தனபாக்கியம், குரலைத் தாழ்த்தி, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதுக்கா. ஜாதகம் திரும்பி வரக் கூடாது. நீங்க பட்டது போதாதா?" இதுதான். காலையிலும் இதையே சொன்னாள், என் தலையை அசைத்தது இதுதான். என்னைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவள் சொன்னாள், எனக்காக வருத்தப்பட்டாள், அந்த வருத்தத்துக்கு நன்றி சொல்வதுபோல நான் தலையை அசைத்துவிட்டேன். என் தலையசைப்பில் ஒரு குழந்தை மிதக்கிறது.

கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். பார்த்தால் முள் நின்றுவிடும். கதிரேசன் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டுவிட்டான், கடலுக்கு மேலே எங்கோ இருக்கிறான், அவனுடைய கைக்கடிகாரத்தில் நம் நேரமும் இல்லை அவர்கள் நேரமும் இல்லை. சாரு சின்னவளாக இருக்கும்போது, அவள் அம்மா இறந்த வருஷம், என் மடியில் படுத்துக்கொண்டு "அத்தை, நேரம் எங்க போகுது?" என்று கேட்டாள். ரேடியோவுக்குள் போகிறது என்று சொன்னேன். "நீங்க உள்ள இருந்து அதைப் பிடிப்பீங்களா?" பிடிப்பேன் என்று சொன்னேன். மறுபடி வலி. சத்தம் இறங்குகிறது. எண்ண வேண்டாம் என்றுதான் இருக்கிறேன், மூச்சு தானே எண்ணுகிறது. ஒன்று. இரண்டு. சைக்கிள் ஏறிவிட்டது. முன்பு ஒரு மூச்சில் ஏறியது, இப்போது இரண்டு. அதனாலென்ன. ஒலிபரப்பில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விழும் மௌனம் இரண்டு மூச்சுக்குப் போனால் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். கேட்கிறவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும், மௌனத்துக்கு எடை உண்டு, முதல் மூச்சின் மௌனமும் மூன்றாவது மூச்சின் மௌனமும் ஒன்றல்ல. உள்ளே நர்ஸ் ஏதோ சொல்கிறாள், சாரு ஏதோ கேட்கிறாள், "அத்தை வெளியதான் இருக்காங்க" என்கிறது நர்ஸின் குரல். வெளியேதான் இருக்கிறேன். ரேடியோவுக்கு வெளியே. பிடிப்பேன் என்று சொன்னவள். ஒரு நாழிகை என்பது முந்நூற்றறுபது மூச்சு. பெரியவர்களின் மூச்சு. உள்ளே இருப்பது இன்னும் ஒரு மூச்சுகூட விடவில்லை. அதற்கு நாழிகை இல்லை, விநாழிகை இல்லை. நாம் எந்தப் படியில் அளந்து, எந்தக் காலத்தைக் கடன் கேட்டோம் அதனிடம்? வலி. இறங்குகிறது. தனபாக்கியம் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். ஒன்று. அட்டை ஒவ்வொன்றாகக் கம்பியில் படுகிறது, தனித்தனியாக, எண்ணலாம் போல. இரண்டு. தாமரை இதழில் ஊசி. மூன்று. பிரமன் தூங்கப்போகும்போது எல்லாம் அடங்கும் என்றாரே பேராசிரியர், இப்படித்தான் அடங்குமா, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி. நான்கு. கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரோடு ஒன்றாகி நின்ற அந்த ஒரு கணம், தயங்கியதே, நான் பார்த்தேனே, எட்டிப் பிடித்திருந்தால் பிடித்திருக்கலாம், சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே. ஐந்து. ஏறுகிறது, மிக மெதுவாக, மூச்சிரைத்துக்கொண்டு ஏறுகிறது. யாரும் ஓடிவரவில்லை, ஏறிவிட்டதல்லவா, கணக்குப்படி இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. என் காதுக்குச் சரியாக இல்லை. நான் எழுந்து நிற்கிறேன். காப்பிக் கோப்பை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "டாக்டரைக் கூப்பிடுங்க" என்கிறேன். நிலையத்துக் குரல். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வெளியே வராத குரல். நடைபாதையின் அந்தக் கோடி வரை போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. "இப்பவே எடுத்துடுங்க. காத்திருக்க வேண்டாம்." தனபாக்கியம் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள். அவள் வாய் திறக்கிறது. "அக்கா, இன்னும் கொஞ்சம்தானே..." என்று தொடங்கி, என் முகத்தில் என்ன இருந்ததோ, "ஆமா, எடுக்கச் சொல்லுங்க, எடுக்கச் சொல்லுங்க, ஐயோ ஓடுங்களேன்" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறாள்.

இப்போது சத்தம் இல்லை. வயிற்றுப் பட்டையைக் கழற்றிவிட்டு, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள், போகும்போது சாரு கையை நீட்டினாள், என் விரல் நுனி அவள் விரல் நுனியில் பட்டது, அவ்வளவுதான், இரண்டு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. வாழ்நாள் முழுவதும் நான் பயந்தது இந்த மௌனத்துக்குத்தான். நிரப்புவதற்கு ஒரு பாட்டு இல்லை, அறிவிப்பு இல்லை. தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுக்கிறாள், எந்தச் சாமியோ. எனக்குச் சாமி பெயர் எதுவும் வரவில்லை. எனக்கு வருவது சங்கல்பம். எல்லா வீட்டு விசேஷத்திலும் ஐயர் தொடங்கும்போது மடமடவென்று சொல்வாரே, யாரும் கேட்பதில்லை, இலை போட்டாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருப்போம். நான் கேட்பேன். அது ஒரு விலாசம். பிரமனுக்கு வயது ஐம்பது முடிந்து மறுநாள் தொடங்கியிருக்கிறது. அந்த நாளின் பெயர் வெண்பன்றிக் கற்பம். அதில் ஏழாவது மனுவின் காலம். அதில் இருபத்தெட்டாவது சுற்று. அதில் கலி, கலியின் முதல் கால். பிறகு நாவலந்தீவு, பிறகு இந்தத் தேசம், இந்த வருஷம், இந்த மாதம், இந்தப் பிறை, இந்தக் கிழமை, இந்த நட்சத்திரம், இந்த வீட்டில் இந்தப் பெயருள்ள நான். அவ்வளவு பெரிய காலத்தை வாசலிலிருந்து தாண்டித் தாண்டி வந்து கடைசியில் ஒரு சின்ன ஆளின் தோளைத் தொடுகிறது. இதோ இவன்தான், இவளைத்தான் தேடி வந்தேன் என்று. எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன், இன்றுதான் தலை சுற்றுகிறது. அந்த விலாசத்தில் இன்னும் எழுதாத கடைசி வரி கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. யுகங்கள் எல்லாம் வந்து நின்றுகொண்டிருக்கின்றன, எங்களைப் போலவே, இந்த நடைபாதையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிரமனும் நின்றுகொண்டிருக்கிறான். ஆயில்யமாவது மகமாவது. அழு. எந்த நட்சத்திரத்திலாவது அழு. கெட்ட நட்சத்திரத்தில் அழு, நான் இருக்கிறேன். மாமியார் ஒருத்தியும் கிடைக்காவிட்டால் போகிறாள், உனக்கு ஒரு கண்ணாடித் தடுப்பும் ஒரு விளக்கும் ஒரு குரலும் கிடைக்கும், அது அப்படியொன்றும் மோசமில்லை, கேள், நான் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சில காலைகளில் ஊர் முழுக்க என் சொல்லுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும், அழு. மூச்சை எண்ணவில்லை நான். எண்ணிக்கை எங்கோ நழுவிப்போயிற்று. நேரமே இல்லாத ஓர் இடம் இருக்கும்போலிருக்கிறது, அதில்தான் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, எனக்கே.

அழுதது. முதலில் ஏதோ உலோகத்தை இழுக்கும் சத்தம் என்று நினைத்தேன். பழகிய கண் மட்டும் தானே கடிகாரத்துக்குப் போய் வந்தது. பிறகு தனபாக்கியம் என் தோளில் விழுந்துவிட்டாள், அவள் கனத்தில் நானும் நாற்காலியில் விழுந்தேன், நாற்காலி இருவருக்கும் சேர்த்து முனகியது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொண்ணும்மா. நல்லாருக்கு. சாருவும் நல்லாருக்காங்க" என்றாள். பிறகு வெளியே வந்து, "கொடி கழுத்துல சுத்தியிருந்துது, இறுக்கமா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையை ஒரு தரம் அழுத்தினாள். அழுத்தத்தில் எல்லாம் இருந்தது. அதற்குள் தனபாக்கியத்தின் கைப்பையில் போன் அலறியது. வேதாசலம். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். "என்னக்கா ஆச்சு? மகம் பிறக்க இன்னும் மூணு நாலு நிமிஷம் இருக்கே, டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்கல்ல?" தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். போனை என் முன்னால் நீட்டினாள், ஒலிவாங்கியை நீட்டுவதுபோல. "நீங்க சொல்லுங்கக்கா. உங்க வாயால சொன்னா எங்க வீட்ல எழுதிக்குவாங்க." சொல்லலாம். ஆஸ்பத்திரி ஏட்டில் எது இருந்தாலும் ஜாதகத்தில் எழுதப்போவது நான் சொல்வதைத்தான். ஒரு எண். ஏழு நிமிஷம் தள்ளி ஒரு எண். பத்து நாற்பத்தெட்டு என்று சொன்னால் அவள் மகம், எந்த வாசலிலிருந்தும் திரும்பி வர மாட்டாள். தனபாக்கியத்தின் கண் அதைத்தான் சொல்கிறதா, கெஞ்சுகிறதா, இல்லை வெறுமனே ஈரமாக இருக்கிறதா? நான் ஒரு மூச்சு இழுத்தேன். பத்து நெட்டெழுத்தின் நேரம். நர்ஸ் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள், வெந்நீர்ப் பையின் சூடு, அதற்கு மேல் ஒரு சிவந்த நெற்றி. இதனிடம் காலத்தைக் கடன் கேட்டோம். திருப்பிக் கொடுக்கும்போது பொய்யாகவா கொடுப்பது. "குழந்தை பிறந்த நேரம்" என்றேன், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, பழைய மாதிரி, "பத்து மணி நாற்பத்தொரு நிமிடம்." போன் மௌனமாயிற்று. அந்த மௌனத்தை நானே நிரப்பினேன். "ஆயில்யம். என் நட்சத்திரம்."

வேதாசலம் தொண்டையைச் செருமினார். "ஆயில்யம்னா... மாமியாருக்கு..." என்று இழுத்தார். தனபாக்கியம் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "யாரோட மாமியாருக்குடா? எனக்கா? நான் பாட்டி. எவளோ வரப்போறா, அவ பாடு. அவ இப்ப பாவாடை கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருப்பா, அவளுக்காக நாம ஏன்டா அழணும்? வை போனை." வைத்துவிட்டு, மடியில் இருப்பதைக் குனிந்து பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா அக்கா, ஏழே ஏழு நிமிஷம்" என்றாள். அவளால் அதை விட முடியவில்லை. என்னாலும்தான். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். முள் நாற்பத்தெட்டுக்கு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மகம் பிறந்திருக்கும் வெளியே, பகல் வெளிச்சத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாமல். ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறுவதுபோல ஜன்னலிலிருந்து வெயில் நடைபாதைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அது கண்ணைத் திறந்தது. கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், எதையும் பார்க்காத, எல்லாவற்றையும் கடந்து வந்த பார்வை. தேவர்கள் இமைப்பதில்லை என்பார்கள். அவர்களுக்குக் காலம் அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தானோ என்னவோ. நான் குனிந்து அசையாமல் காத்திருந்தேன், வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததுபோல, இந்த முறை டேப் எதுவும் ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்தபடி, மெதுவாக, இன்னும் பழகாத இமைகளால், ஒரு தரம் இமைத்தாள்.